வெளிநாட்டுப் பிரயாணமும் நோய்க்கால அத்தாட்சிகளும்

நமது வட்டாரத்துச் சங்கங்களுக்குத் தணிக்கைக்குச் செல்லும்பொழுது நகைக் கடன் பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பது நமது கடமைகளில் ஒன்று. கடனுக்குரிய காரணம் எழுதும் பத்தியில் மேலிருந்து கீழ்வரை 'சாகுபடிச் செலவு' என்றே கண்டிருக்கும். அச்சொற்களுக்குப் பின்னால் விதையும் உரமும் மாத்திரம் இருப்பதில்லை என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். நாமும் அறியாதவர்கள் அல்லர். மகனைச் சிங்கப்பூருக்கோ ஷார்ஜாவுக்கோ அனுப்புவதற்காக அடகுக்கு வந்த சங்கிலிகள் அவற்றில் பல. குற்றம் கண்டுபிடிக்க இதைச் சொல்லவில்லை. அந்தச் சங்கிலி மீட்கப்பட்டு வீடு திரும்புவது, போகிறவருடைய காகிதங்கள் ஒழுங்காக இருப்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில் இது இன்னும் பன்மடங்கு உண்மையாயிற்று. அதை விளக்கவே இக்கட்டுரை.

திருக்கடையூருக்கு அருகில் கைத்தறி நெய்யும் அங்கத்தினர் ஒருவருக்கு 2021ஆம் ஆண்டு வசந்தத்தில் அறுபது நிறைந்தது. அபிராமி சந்நிதியில் மணிவிழா நடத்துவதற்காக ஷார்ஜாவிலிருந்து மகன் விடுமுறையில் வந்தார். விழா குறைவின்றி நடந்தேறியது. ஏப்ரல் கடைசி வாரத்தில் திரும்புவதற்கு டிக்கெட்டும் கையில் இருந்தது. ஆனால் ஏப்ரல் 24 நள்ளிரவுடன் ஐக்கிய அரபு எமிரேட்டுகள் இந்தியாவிலிருந்து வரும் பிரயாணிகளை நிறுத்திவிட்டது. இளைஞர் ஊரிலேயே தங்க நேர்ந்தது.

ஜூன் 10ஆம் தேதி ஊர் முகாமில் கோவிஷீல்டு முதல் ஊசி போட்டுக்கொண்டார். இரண்டாம் ஊசிக்கு 84 நாள் இடைவெளி வேண்டும் என்பது அன்றைய பொதுவிதி. கல்விக்கும் வேலைக்கும் வெளிநாடு செல்வோர் 28 நாளிலேயே இரண்டாம் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சர்க்கார் அதே ஜூன் 7ஆம் தேதி விதிவிலக்கு அளித்திருந்தது. அதை இவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை, இவரும் விசாரிக்கவில்லை. செப்டம்பர் 2 வரை காத்திருந்தார். உலகச் சுகாதார ஸ்தாபனம் ஏற்ற ஊசிகளை முழுமையாகப் போட்டுக்கொண்டு, வசிப்பு விசாவும் உடையவர்கள் திரும்பலாம் என்று செப்டம்பர் 12 முதல் எமிரேட்டுகள் வழி திறந்தது. இவர் மனுச் செய்தார். மனு திரும்பி வந்தது. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுமையாக இருந்தது. ஊசி அத்தாட்சியிலோ, ஆதாரில் கண்டபடி, அது ஓர் எழுத்தாகக் குறுகியிருந்தது. பிறந்த ஆண்டும் ஒன்று முன்பின்னாக இருந்தது. திருத்தி வாங்குவதற்குள் எடுத்திருந்த பரிசோதனை காலாவதியாயிற்று, டிக்கெட் பணம் போயிற்று, அக்டோபரும் பிறந்துவிட்டது. செப்டம்பர் முடியும் மட்டும் பார்ப்பதாகச் சொல்லியிருந்த முதலாளி வேறோர் ஆளை அமர்த்திக்கொண்டார். சங்கத்தில் இருந்த நான்கு பவுனுக்கு வட்டி மாத்திரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் முதல் செப்டம்பர் 12 வரை உண்டான நஷ்டம் நோயினால் வந்தது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. அதற்குப் பிந்திய நஷ்டம் முழுவதும் காகிதத்தினால் வந்தது. நாம் பேசப்போவது இந்த இரண்டாவது நஷ்டத்தைப் பற்றியே.

கடல் கடந்து செல்வோரை நோய் உண்டா என்று பார்த்த பிறகே அனுமதிப்பது புதிய வழக்கமன்று. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாத் தோட்டங்களுக்குச் சென்ற நம் முன்னோர் முகாமில் வைத்தியர் முன் நின்று, வைசூரிக்கு அம்மை குத்திக்கொண்ட பிறகே புறப்பட்டார்கள். அக்கரை சேர்ந்தாலும் உடனே இறங்க இயலாது. பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூருக்குத் தெற்கே செயின்ட் ஜான் தீவிலும் ஒதுக்க முகாம்கள் இருந்தன. இலங்கைக்குச் சென்றவர்கள் மண்டபம் முகாமில் தங்கிச் சோதனை முடிந்த பிறகே தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் படகேறினார்கள். 1980இல் வைசூரி உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்ட பிறகு அந்த அத்தாட்சிக்கு வேலை இல்லாமற்போயிற்று. நாகப்பட்டினம் வழியாகச் சிங்கப்பூர் சென்றுவந்த எம்.வி. சிதம்பரம் கப்பலின் பிரயாணமும் 1985இல் நடந்த தீ விபத்துடன் நின்றுபோயிற்று. விமானம் ஏறிப் பழகிய தலைமுறைக்குச் சுகாதாரச் சோதனை என்பது மறந்தே போயிற்று. 2020 அதை நினைவுபடுத்தியது.

அவ்வாண்டு ஜனவரி 30இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் சர்வதேச அவசர நிலையை அறிவித்தது. மார்ச் 23 முதல் இந்தியாவுக்கு வரும் வழக்கமான சர்வதேசப் பிரயாணி விமானங்கள் நிறுத்தப்பட்டன. இரண்டு ஆண்டு கழித்து 2022 மார்ச் 27இல்தான் அவை முறைப்படி மீண்டன. இடையில் 2020 மே 7 முதல் 'வந்தே பாரத்' விமானங்களும், பிறகு நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் செய்துகொண்டு விட்ட விமானங்களுமே ஓடின. அவசர நிலை முடிந்தது என்று அறிவிக்கப்பட்டது 2023 மே 5இல். இந்த மூன்று ஆண்டுகளில் விதிகள் எத்தனை முறை மாறின என்று எண்ணிச் சொல்வது எவராலும் ஆகாது. ஆயினும் அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. பாஸ்போர்ட்டும் பெயர்த் திருத்தமும் மாதக் கணக்கில் ஆகும் காரியங்கள். ஊசி வாரக் கணக்கு. பரிசோதனை மணிக் கணக்கு. மாதக் கணக்குக் காரியத்தை விதி வந்த பிறகு தொடங்கியவர்களே பெரும்பாலும் இழந்தவர்கள். பாவு பூட்டாத தறியில் நாடாவை எடுத்து என்ன பயன்?

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்பது கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். அது நமக்குப் பெருமையாக இருக்கலாம். அயல்நாட்டுக் கம்ப்யூட்டருக்கு விளங்குவதில்லை. முருகேசன் மகன் செல்வம் பள்ளிச் சான்றில் 'எம். செல்வம்', ஆதாரில் 'செல்வம் எம்', பாஸ்போர்ட்டில் 'செல்வம் முருகேசன்', ரேஷன் அட்டையில் வெறும் 'செல்வம்' என்று இருப்பது நமது பக்கத்தில் சர்வசாதாரணம். ஆங்கில எழுத்துக்களிலும் வீட்டுக்கு ஒரு வழக்கு. சண்முகத்தை ஒருவர் ஒருவிதமாகவும் அவருடைய அண்ணன் வேறுவிதமாகவும் எழுதுவர். பாஸ்போர்ட்டில் முதலெழுத்தைச் சுருக்கமாக எழுத இடமில்லை. விரித்தே எழுத வேண்டும். ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ள உருவத்தையே அசலாகக் கொண்டு மற்றவற்றை அதற்கு இசையத் திருத்திக்கொள்வது நலம். ஊசி அத்தாட்சி வழங்கிய கோவின் தளத்தில் பெயரை ஒரு முறைதான் திருத்த முடிந்தது. அந்த ஒரு முறையையும் அவசரத்தில் தவறாகத் திருத்திவிட்டுத் தவித்தவர்கள் உண்டு.

நோய் ஓய்ந்த பிறகும் இந்தத் தொல்லை ஓயவில்லை. 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மாத்திரம் உடையவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று எமிரேட்டுகள் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் பிற்பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பின்னர் விளக்கம் வந்தது. ஒற்றைப் பெயருடன் புதிதாக விண்ணப்பம் எழுதப்போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பெயரிலும் நமக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. திருக்கடையூர் 1991 வரையில் தஞ்சாவூர் மாவட்டம். அதன்பின் நாகப்பட்டினம் மாவட்டம். 2020 டிசம்பர் 28 முதல் மயிலாடுதுறை மாவட்டம். கொள்ளைநோயின் நடுவிலேயே நமது மாவட்டம் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே வீட்டில் பிறந்த தந்தைக்கும் மகனுக்கும் பேரனுக்கும் பிறந்த மாவட்டம் மூன்று. போதாக்குறைக்கு மயிலாடுதுறை 1982க்கு முன் மாயூரம். பேச்சில் இன்றைக்கும் மாயவரம். பிறந்த இடத்தைப் பிறப்புச் சான்றில் கண்டபடியே எழுத வேண்டும்; இன்றைய மாவட்டத்தைப் போட்டுப் 'புதுப்பிக்க' முற்படக் கூடாது. இப்போது குடியிருக்கும் விலாசத்துக்கோ இன்றைய மாவட்டமே உரியது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் கொஞ்சமல்ல.

பிறந்த தேதி இன்னும் நுட்பமானது. மூத்த அங்கத்தினர்களில் பலருக்கு நட்சத்திரம் தெரியும், தேதி தெரியாது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய தேதியே நிலைத்துவிட்டது. ஆதாரில் ஆண்டு மட்டும் பதிந்தவர்களும் இருக்கிறார்கள். இதன் பலனை 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் கண்டது. கோவிஷீல்டு பிரிட்டனிலேயே கண்டுபிடிக்கப்பட்ட மருந்து. இருந்தும் இந்தியாவில் அதைப் போட்டுக்கொண்டவர்களைப் பிரிட்டன் ஊசி போடாதவர்களாகவே கருதியது. மருந்தில் குறையில்லை, அத்தாட்சியில்தான் குறை என்று பிறகு சொல்லப்பட்டது. அத்தாட்சியில் வயது இருந்ததேயன்றிப் பிறந்த தேதி இல்லை. வெளிநாடு செல்வோருக்குத் தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் சேர்த்து அச்சிடும் வசதி செய்யப்பட்டது. அக்டோபர் 11 முதல் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. 2023 அக்டோபர் 1ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் பெறும்போது தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்று ஒன்றே செல்லும் என்று 2025இல் விதி செய்யப்பட்டிருக்கிறது. பிள்ளை பிறந்த வீட்டார் பெயர் பதியாத பிறப்புச் சான்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காலம் கடத்த வேண்டாம்.

பாஸ்போர்ட் முடிய ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. நமது பகுதிக்குத் திருச்சிராப்பள்ளியில் மண்டல அலுவலகமும் தஞ்சாவூரில் சேவா மையமும் உள்ளன. 2020இல் இவை போன்ற அலுவலகங்கள் மூடிக் கிடந்தபொழுது, இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே என்று விட்டுவைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஓராண்டு மிச்சம் இருக்கும்போதே புதுப்பித்துக்கொண்டால் இந்தக் கவலை இராது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வேலைக்காக வளைகுடா நாடுகள், மலேசியா முதலான 18 நாடுகளுக்குச் செல்வதாயின், 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின்படி குடியகல்வு அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூர் அப்பட்டியலில் இல்லை. அந்த அனுமதியோடு சேர்ந்த இன்ஷூரன்ஸ் பத்து லட்சம் ரூபாய்க்கானது. வருகை விசாவில் போய் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று தரகர் சொல்லும் யோசனையைக் கேட்டவருக்கு இந்த இன்ஷூரன்ஸும் இல்லை. நோய்க்காலத்தில் ஆதரவும் இல்லை.

இனி ஊசி. எந்த மருந்து உயர்ந்தது என்ற வாதம் டீக்கடைக்கு உரியது. பிரயாணிக்கு வேண்டியது, போகும் நாட்டின் பட்டியலில் அம்மருந்து இருக்கிறதா என்பதே. கோவிஷீல்டு 2021 பிப்ரவரியிலேயே உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் அவசரப் பட்டியலில் ஏறியது; கோவாக்சின் ஏறியது நவம்பர் 3இல். இடைப்பட்ட மாதங்களில் முகாமில் கோவாக்சின் போட்டுக்கொண்டவர்கள் உடலளவில் பாதுகாப்புப் பெற்றும் பல நாடுகளின் கணக்கில் ஊசி போடாதவர்களாகவே நின்றார்கள். ஊசி போடும் இடத்தில், "நான் வெளிநாடு செல்பவன், இது அங்கே செல்லுமா? என் பாஸ்போர்ட் எண்ணைப் பதிவீர்களா?" என்று இரண்டு கேள்வி கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சர்வதேசச் சுகாதார விதிகளில் பெயர் குறிப்பிட்டு அத்தாட்சி கேட்கப்படும் நோய் இன்றைக்கும் மஞ்சள் காய்ச்சல் ஒன்றே. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அது உள்ள நாடுகளுக்குச் செல்வோரும், முக்கியமாக நமது கடற்கரையிலிருந்து கப்பல் வேலைக்குப் போகும் இளைஞர்களும், மஞ்சள் நிறப் புத்தகம் ஒன்று பெற வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடப்படுகிறது. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அத்தாட்சி செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுமைக்கும் உரியது. பத்தாண்டுக்கு ஒரு முறை போட வேண்டும் என்ற பழைய விதி போய்விட்டது. இது இல்லாமல் அந்நாடுகளிலிருந்து நேரே திரும்புகிறவரை நமது சர்க்காரே ஆறு நாள் வரை ஒதுக்கி வைக்கும்.

ஹஜ் செல்வோருக்கு மூளைக்காய்ச்சல் ஊசி வெகு காலமாகவே கட்டாயம். 2020, 2021 ஆண்டுகளில் வெளிநாட்டு யாத்திரிகர் எவருக்கும் அனுமதி இல்லை. 2022இல் வழி திறந்தபோது 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாத்திரமே திறந்தது. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்து முறை வந்த வேளையில் வயது கடந்துவிட்ட முதியவர்களின் துயரத்துக்கு எந்த அத்தாட்சியும் மருந்தாகவில்லை.

பரிசோதனை என்பது நாற்றைப் போன்றது. வயது கடந்தால் ஆகாது. 2021 ஆகஸ்டில் எமிரேட்டுகள் கேட்டது, புறப்படுவதற்கு 48 மணிக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். அறிக்கை, அதற்கு மேல் விமான நிலையத்திலேயே, புறப்படுவதற்கு ஆறு மணிக்குள், விரைவுப் பரிசோதனை ஒன்று. இந்த 48 மணி மாதிரி எடுத்த நிமிஷத்திலிருந்து ஓடத் தொடங்கும். அறிக்கை கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து அன்று. இதை மாற்றி நினைத்து ஏமாந்தவர்கள் பலர். திருக்கடையூரிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 150 கிலோமீட்டர். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாதிரி கொடுத்தவருக்கு அன்றிரவு அல்லது மறுநாள் அறிக்கை வரும். பிரயாணத்துக்கு நான்கு மணி, நிலையத்தில் ஆறு மணி. புதன் காலை பத்து மணிக்குள் விமானம் எழும்பியாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், செவ்வாய் இரவு விமானத்துக்குத் திங்கள் காலை மாதிரி கொடுப்பது சரி. ஞாயிறு மாலை கொடுப்பது வீண். அறிக்கையில் க்யூ.ஆர். கட்டம் இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்றுவதில்லை என்பதும் 2021 மே முதல் நடைமுறையாயிற்று. போலி அறிக்கைகள் உலாவியதே இதற்குக் காரணம். முந்நூறு ரூபாய் குறைவாகச் செலவாகும் என்று அத்தகைய அறிக்கை வாங்குகிறவர் பணத்தோடு வழக்கையும் சேர்த்து வாங்குகிறார்.

ஊர் திரும்புவோருக்கும் விதிகள் இருந்தன. 2020 மே கடைசியில் ஏழு நாள் சொந்தச் செலவில் முகாமிலோ ஹோட்டலிலோ, பிறகு ஏழு நாள் வீட்டில் என்று இருந்தது. 2021 பிப்ரவரி 22 முதல், 72 மணிக்குள் எடுத்த அறிக்கையும் 'ஏர் சுவிதா' என்ற தளத்தில் உறுதிமொழியும் கேட்கப்பட்டன. குடும்பத்தில் மரணம் நேர்ந்து வருகிறவர்களுக்கு மாத்திரம் அறிக்கை இல்லாமல் வர இடமிருந்தது. அதற்கும் முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும். துக்கச் செய்தி வந்த மனிதனுக்கு இப்படியொரு விதிவிலக்கு இருப்பதாக எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? தகப்பனாருக்குக் கொள்ளி வைக்க வர முடியாமல், அக்கரையிலிருந்து தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நமது கிராமங்களில் நாம் கண்டோம். அவர்களில் விமானமே இல்லாதவர்களும் உண்டு. விதி தெரியாதவர்களும் உண்டு. ஏர் சுவிதா 2022 நவம்பர் 22இல் எடுக்கப்பட்டது. 2023 தொடக்கத்தில் சீனா, சிங்கப்பூர் முதலான ஆறு இடங்களிலிருந்து வருவோருக்கு மட்டும் சில வாரம் திரும்பி வந்து, பிப்ரவரியில் மறைந்தது. போன விதி திரும்பி வரும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

சர்வதேசச் சுகாதார விதிகள் 2024இல் திருத்தப்பட்டு, 2025 செப்டம்பர் 19 முதல் அமலுக்கு வந்துள்ளன. சுகாதார அத்தாட்சிகள் காகிதத்திலோ மின்னணு உருவிலோ இருக்கலாம் என்பது அத்திருத்தங்களில் ஒன்று. எந்த உருவில் இருந்தாலும் அதில் ஏறப்போவது அதே பெயரும் அதே தேதியுமே.

ஒரு விஷயம் மீதி இருக்கிறது. புறப்படுகிறவர் எல்லாக் காகிதங்களையும் தம்முடனே எடுத்துச் சென்றுவிடுவதே நம்மிடையே வழக்கம். பாஸ்போர்ட்டின் முதற் பக்கமும் கடைசிப் பக்கமும், விசா, வேலை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் பத்திரம், ஊசி அத்தாட்சி ஆகியவற்றின் நகல் ஒரு தொகுப்பு வீட்டில் இருக்க வேண்டும். 2020இல் அக்கரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்காக இங்கே அலைந்த குடும்பங்களிடம் முதலில் கேட்கப்பட்டது பாஸ்போர்ட் எண். அது பலருக்குத் தெரியவில்லை. நெசவாளர் குடும்பம் ஒன்றில் நகல் இருந்தது, ஆனால் பரண்மேல் பாவு நூலோடு கிடந்து எலி கடித்திருந்தது. நகைக் கடன் ரசீதை எவ்வளவு பத்திரமாக வைக்கிறோமோ, அதே தகரப் பெட்டியில் இதையும் வைக்கலாம். வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பெட்டியின் சாவி இருக்கும் இடமும் தெரிந்திருக்கட்டும்.